மடி கழுவிய தண்ணீர்

தங்கப்பாண்டி, என் மகள் சாப்பிட்ட பாலில் பசை மாவைக் கலந்தது நீங்கள்தான்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. இந்தத் தொடரை ஆரம்பிக்கும்போதே பத்திரிகை ஆபீஸில் சொல்லிவிட்டேன், இந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று. போன வாரம் வரை நான் எழுதியதை எல்லாம் உங்கள் பால் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களிடம் காட்டி, "நம்ம தெருக்காரி எளுதுறாளே" என்று பெருமைப்பட்டீர்களாம். இந்த வாரத்தையும் காட்டுங்கள்.

கொடியில் நின்ற துணி

அது ஒரு பங்குனி மாதம். புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டோரம் எங்கள் தெரு. தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில்.

மதியம் வீட்டுக்குத் திரும்பினேன். தோளில் என் மகள் மாரீஸ்வரி. ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய வயது. காலையில் அவளுக்கு வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்டுக் கொண்டு வந்திருந்தேன். தை, மாசி முழுக்க எட்டிப் பார்க்காமல் இருந்த வலிப்பு. ஊசி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் எச்சில் காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது.

கொல்லைக் கொடியில் ஒரு துணி கிடந்தது. பாலைத் திரித்து வடிகட்டுகிற பழைய வேட்டித் துண்டு. தினமும் கையோடு வெந்நீரில் அலசித்தான் காயப்போடுவேன். அன்று அலசவில்லை. வடிகட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அவள் விழுந்த சத்தம் கேட்டது. துணியைக் கொடியில் வீசிவிட்டு ஓடியவள்தான்.

அந்தத் துணி தொங்கவில்லை. நின்றுகொண்டிருந்தது. காற்றடித்தும் ஆடவில்லை.

போய்த் தொட்டேன். பால் காய்ந்த துணி லேசாக மொறமொறக்கும், அது தெரியும். இது அட்டை. ஓரத்தைப் பிடித்து மடக்கினால் கோடு விழுந்து மடங்கியது. மேலே ஒரு மினுமினுப்பு. விரலை எச்சில்படுத்தித் தேய்த்தேன். மெல்லிய நூலாக விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தேன். வறுத்த மாவின் வாசனை.

எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் பயராபீஸில் பட்டாசுக் குழாய்க்குக் காகிதம் ஒட்டியவள் நான். எங்கள் பக்கம் வெடி செய்கிற இடத்தைப் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே மூட்டை மூட்டையாக வருகிற பசை மாவின் வாசனை அது. மைதாவைக் காய்ச்சினால்தான் பசையாகும். இது அப்படி இல்லை, ஏற்கெனவே வறுத்துப் பக்குவப்படுத்திய மாவு. பச்சைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாலே கரைந்துவிடும். கட்டி தட்டாது. வெடிமருந்துக் கலவையைப் பிடித்து நிறுத்தவும் காகிதம் ஒட்டவும் அதைத்தான் போடுவார்கள்.

அந்த மாவு என் பிள்ளையின் பாலில் என்ன செய்தது?

அதைச் சொல்வதற்கு முன்னால், ஒரு கூலிக்காரி வீட்டில் எதற்காகத் தினமும் பாலைத் திரித்துத் துணியில் வடிகட்டினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

சோறு கூடாது

மாரீஸ்வரிக்கு மூன்று வயதிலிருந்து வலிப்பு. முதலில் எப்போதாவது. பிறகு தினமும். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தெருவில் விழுந்தால் யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். சாவியை இறுகப் பிடித்து அவள் உள்ளங்கையில் எப்போதும் பல்பல்லாகத் தடம் இருக்கும்.

மதுரையில் ஒரு டாக்டர் கடைசியாக ஒரு வழி சொன்னார். மருந்தில்லை, சாப்பாடு. அரிசி, கோதுமை, சீனி, பழம், கிழங்கு எதுவும் கூடாது. நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய், முட்டை, கறி, சீஸ். உடம்பு மாவை எரிப்பதை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கப் பழகினால் சில பிள்ளைகளுக்கு வலிப்பு நின்றுவிடுமாம்.

"ஒரு ஸ்பூன் சீனி போதும்மா, பட்ட பாடெல்லாம் வீணாயிடும். மாத்திரைக்கு மேல இருக்கிற பூச்சுல கூடச் சீனி இருக்கான்னு பாக்கணும்" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் குருசாமி மெதுவாகக் கேட்டார்: "அய்யா, சீஸுன்னா என்னது?"

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

முட்டையை அவள் வாயில் வைத்தாலே வாந்தி எடுத்தாள். கறி தினமும் வாங்க முடியாது, வாங்கினாலும் சக்கையைத் துப்பிவிடுவாள். நெய்யை வெறுமனே குடிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை குடிக்கும்? விருதுநகரில் பெரிய கடை ஒன்றில் டப்பாவில் சீஸ் இருந்தது. ஒரே ஒரு டப்பா வாங்கினோம். மாரீஸ்வரி முதல் துண்டை நக்கிப் பார்த்தாள். பிறகு கடித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கட்டிப்பாலு இன்னும் இருக்காம்மா?"

அன்று முதல் அது எங்கள் வீட்டில் கட்டிப்பால். அவள் வயிற்றில் தங்குகிற ஒரே சாப்பாடு. நெய்யை, வெண்ணெயை எல்லாம் அதற்குள் வைத்து உருட்டித்தான் உள்ளே தள்ள வேண்டும். கட்டிப்பால் இருந்தால் அவள் சாப்பிடுவாள். சாப்பிட்டால் வலிப்பு நிற்கலாம். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கடை டப்பா வாங்கிச் சாப்பிடுகிற குடும்பமா நாங்கள்? குருசாமி சிமெண்ட் லாரியில் லோடு ஏற்றி இறக்குகிறவர்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விருதுநகரில் எந்தத் தெருவில் நடந்தாலும் எண்ணெயில் புரோட்டா பொரிகிற வாசனை வரும். சாயங்காலமானால் காராச்சேவு, சீரணி மிட்டாய். இந்த ஊரில் ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து, எதையும் தொடாதே என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கடை போடுகிறவர்கள் தெருவெல்லாம் மிட்டாய் குவிப்பார்கள். அவள் அழமாட்டாள். ஒரு மிட்டாயைக் கையில் வாங்குவாள்.

"மோந்து பாத்துட்டுக் குடுத்துருதேம்மா."

மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

திரியாத பால்

வீட்டிலேயே செய்யலாம் என்று எங்களுக்குச் சொன்னவர் ஸ்டெல்லா டீச்சர். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இருந்தார். கொடைக்கானல்காரர். அங்கே ஒரு கன்னியாஸ்திரி மடத்துச் சமையல்கட்டில் அவருடைய அம்மா சீஸ் செய்தவராம். லோடு ஏற்றப் போன இடத்தில், கேண்டீனில் உட்கார்ந்து குருசாமி எல்லோரிடமும் மகளைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். அந்தப் பேச்சு டீச்சர் காதுக்குப் போய், அவரே ஆளனுப்பி எங்களை வரச் சொன்னார்.

"வீட்ல செய்றது ரொம்ப சுலபம். கஷ்டம் பால்தான். நல்ல பால் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது" என்றார் டீச்சர்.

பாலை உறைய வைக்கிற சின்ன மாத்திரைகளை ஒரு பாட்டிலில் கொடுத்தார். கொடைக்கானலிலிருந்து தம்பி அனுப்புவது. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற சரக்கு என்றதும் குருசாமி பாட்டிலைச் சட்டென்று என் கையில் திணித்துவிட்டார்.

"தீர்ந்துபோனா எலுமிச்சம்பழம் பிழியுங்க. இல்லேன்னா எலுமிச்சை உப்பு, சிட்ரிக் ஆசிட்னு கேட்டா தருவாங்க, வாங்கிக்குங்க. தண்ணி வடிஞ்சதும் உப்புப் போட்டு, பாரம் வைக்கணும். வடியிற தண்ணியில பாலோட இனிப்பெல்லாம் போயிரும். அதைப் பிள்ளைக்குக் குடுத்துடாதீங்க."

பால் தேட ஆரம்பித்தேன். பாக்கெட் பாலை வாங்கிவந்து திரித்தேன். கொழுப்பை எடுத்துவிட்டு விற்கிற பால், நாலு பாக்கெட்டுக்கு ஒரு கைப்பிடி கூட வரவில்லை. டீக்கடைக்கு ஊற்றுகிறவரிடம் வாங்கினேன். எலுமிச்சம்பழம் பிழிந்தேன், நுரைத்ததே தவிர திரியவில்லை. இன்னொரு பழம். இன்னொரு பழம். வெயிலில் பால் புளிக்காமலிருக்க ஆப்ப சோடா போட்டிருந்தார்கள். ஒரு பானைப் பாலையும் பழத்தையும் சாக்கடையில் ஊற்றினேன்.

எங்கள் தெருவுக்கு இது நல்ல வேடிக்கை.

"ஏத்தா, நம்ம வீட்டுல பாலு கெட்டா கொட்டுதோம். பாக்கியம் வீட்டுல கெட்டா வெள்ளக்காரன் பலகாரமாம்!" எதிர்வீட்டுச் சண்முகத்தாய் குழாயடியில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

"ஒனக்கும் ஒரு உருண்ட தாரேன், வாய மூடு" என்பேன்.

சண்முகத்தாயைக் குறை சொல்லவில்லை. வடிகட்ட அவள் வீட்டுக்காரரின் நல்ல வேட்டியைக் கிழித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

சாமான்களுக்கு நான் பட்ட பாடு தனி. எலுமிச்சை உப்பு சிவகாசியில் கெமிக்கல் கடையில் எந்நேரமும் கிடைக்கும், விலையும் சல்லிசு என்றார் குருசாமி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடைகளில் கந்தகம் அள்ளுகிற கரண்டியால்தான் இதையும் அள்ளுவார்கள். பயராபீஸ் தூசி பட்ட ஒரு சாமானும் என் பிள்ளை வாய்க்குப் போகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். விருதுநகர் மளிகைக் கடைக்கு நடந்துபோய் வாங்கினேன். பாரம் வைக்கக் குழவிக்கல். அச்சுக்குப் பிளாஸ்டிக் டப்பா, அடியில் ஆணியைக் காய்ச்சிப் போட்ட ஓட்டை. சூடு பார்க்க என் சுண்டுவிரல்.

அவ்வளவு பார்த்தேன் தங்கப்பாண்டி. கடைக்காரன் கரண்டியைக் கூடப் பார்த்தேன்.

கண்முன் கறவை

நல்ல பால் எருமைப்பால்தான் என்று ஆகிவிட்டது. எங்கள் தெருவுக்கு எருமையை ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து ஊற்றியவர் தங்கப்பாண்டி. அன்றைக்கு அவருக்கு இரண்டே எருமை. கம்பெனியும் இல்லை, வேனும் இல்லை. கட்டம்போட்ட லுங்கியும் தோளில் ஒரு துண்டும்தான்.

எங்கள் பக்கத்தில் கண்முன் கறவைக்கு ஒரு முறை உண்டு. கறப்பவர் முதலில் பால் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். அடியில் தண்ணீர் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு மடியைக் கழுவிக் கறப்பார். மடி கழுவுகிற தண்ணீர் தனிச் சொம்பில் அவரே கொண்டுவருவார்.

முதல் நாளே அவரிடம் எல்லாம் சொன்னேன். பிள்ளையையும் கூட்டிவந்து காட்டினேன்.

"அண்ணே, பாலுல தண்ணி கலந்தாக்கூட எனக்குப் பரவாயில்ல. திரிச்சா கொஞ்சமா வரும், அம்புட்டுத்தான். சீனி கலந்துறாதீக. பாலு கனமா தெரியணும்னு சீனி போடுறாகன்னு கேள்விப்பட்டேன். போட்டீகன்னா எம்பிள்ளைக்கு வலிப்பு வந்துரும்."

அவர் எருமையின் முதுகில் கை வைத்தார்.

"தாயி, இந்த மாட்டு மேல சத்தியமா ஒரு பொட்டுச் சீனி போட மாட்டேன். போதுமா? எனக்கும் பிள்ளைக இருக்கு." பிறகு மாரீஸ்வரியைப் பார்த்து, "ஏலே குட்டி, எம்மாட்டுப் பால தின்னுட்டு நீ என்னைய மல்லுக்கு இழுக்கப்போற பாரு" என்றார்.

அவள் சிரித்தாள். அவரைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பாள். எருமைக்காரத் தாத்தா என்பாள். தாத்தா வயதில்லை அவருக்கு. மீசை நரைத்திருந்தது, அதனால்.

அந்தப் பால் திரிந்தது. கெட்டியாக, வெள்ளையாக, டப்பாவைக் கவிழ்த்தால் அதே வடிவில் வந்து தட்டில் உட்கார்ந்தது. மார்கழியில் வலிப்பு குறைந்தது. தை பிறந்த பிறகு வரவே இல்லை. அவள் உள்ளங்கையில் சாவித் தடம் மறைந்தது. தெருவில் தனியாக ஓடினாள். ஒரு நாள் மத்தியானம் சண்முகத்தாய் வீட்டுக்கு ஓடிப்போய், "அத்த, நா இன்னைக்கும் விளல" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தினமும் போய்ச் சொன்னாள்.

இந்த நாட்களை எழுதும்போதுதான் எனக்குக் கை ஓடவில்லை. வலிப்பு வந்த நாட்களைக்கூட எழுதிவிடலாம்.

"நா சீனி போட்டனா?"

பங்குனியில் மறுபடி விழுந்தாள். துணி கொடியில் விறைத்து நின்றது. இதை முதலிலேயே சொன்னேன்.

மறுநாள் காலை தங்கப்பாண்டி எருமையோடு வந்தார். வழக்கம்போலச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினார். நான் செம்பைப் பார்க்கவில்லை. அவருடைய மற்ற கையைப் பார்த்தேன். மடியைக் கழுவினார். கழுவுகிற சாக்கில் சொம்பு சாய்ந்தது. பாதித் தண்ணீர் மடியில், பாதி பால் செம்பில். எருமையின் கால் மறைத்திருந்தது. இத்தனை மாதம் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அன்று தள்ளி நின்றேன்.

போய் அந்தச் சொம்பைப் பிடுங்கினேன். மீதித் தண்ணீரில் விரலை விட்டு எடுத்தேன். வழுவழு. வறுத்த மாவு வாசனை.

"என்னது அண்ணே இது?"

"மடி களுவுத தண்ணி."

"பச மாவு வாசன வருது."

அவர் மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. கொஞ்சம் கூடக் கூச்சப்படவில்லை.

"ஆமா. அதுக்கு என்ன? தெருவுக்கு ஊத்துனது போக மிச்சம் சொசைட்டிக்குத்தான போகுது. வெயில் காலத்துல அங்க மானி மெதக்கணும்ல தாயி. தண்ணிய மட்டும் ஊத்துனா மானி முங்கிருதுல்ல? அம்புட்டுப் பேரும் போடுததுதான்."

பால் சொசைட்டியில் பாலின் கனத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி மானியை மிதக்க விடுவார்கள். தண்ணீர் கலந்தால் அது அமிழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும். பசை மாவு கரைத்த தண்ணீர் என்றால் அமிழாது. சிவகாசியில் அந்த மாவு கிடைக்காத கடை இல்லை. வேறு ஊரில் இருந்திருந்தால் இவருக்கு இந்த யோசனையே வந்திருக்காது.

"சத்தியம் பண்ணீகளே அண்ணே!"

"சீனி போட மாட்டேன்னுதான சத்தியம் பண்ணேன். நா சீனி போட்டனா? நீயே சொல்லு. இது சீனியா? நக்கிப் பாரு, இனிக்கா? பயராபீஸ்ல பொம்பளைக நாளெல்லாம் வெறுங்கைல பெசையுதாக, யாருக்கு என்ன ஆச்சு?"

"உள்ள போனா ரெண்டும் ஒன்னுதான்னு டாக்டர் சொல்லியிருக்காருய்யா! மாவுங் கூடாது, சீனியுங் கூடாது!"

"அத நீ முன்னாடியே சொல்லியிருக்கணும். சீனின்னுதான சொன்ன?"

தெரு கூடிவிட்டது. சண்முகத்தாய் அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். "பிள்ளைய பாத்துக்கிட்டே ஊத்தியிருக்கீரே, ஒமக்கு மனசு வந்துச்சா? இந்த வீட்டுக்கு மட்டுமாச்சும் வேற சொம்புல தண்ணி கொண்டாந்திருக்கக் கூடாதா?"

அதற்கு அவர் சொன்ன பதிலைத் தெருவே கேட்டது.

"இந்த வீட்டுக்கு மட்டும் வேற சொம்பு எடுத்தா, மத்த வீட்டுக்காரி எல்லாம் அந்தச் சொம்புல என்ன இருக்குன்னு கேக்க மாட்டாளா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பதறிக்கொண்டு போகவில்லை. நிதானமாகத்தான் போனார்.

வைகாசி

அன்றோடு அவர் பாலை நிறுத்தினேன். குருசாமி காரியாபட்டிப் பக்கம் மாடு வைத்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியைப் பிடித்தார். முதல் பஸ்ஸில் தூக்குவாளியில் பால் வரும். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிவருவேன். நல்ல பால். வேறு துணியில் வடிகட்டி, அலசாமல் காயப்போட்டுப் பார்த்தேன், தொங்கியது. கட்டிப்பாலும் நன்றாக வந்தது.

வலிப்பு நிற்கவில்லை.

சித்திரை முழுக்க வந்தது. மதுரை டாக்டர் எண்ணெயைக் கூட்டினார், மாத்திரையை மாற்றினார். உடம்பு மறுபடி பழக நாளாகும் என்றார். மாரீஸ்வரி சண்முகத்தாய் வீட்டுக்குப் போய்ச் சொல்வதை நிறுத்திவிட்டாள். கடைசி நாட்களில் கட்டிப்பாலைக் கையில் கொடுத்தால் அதையும் மோந்து பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வைகாசியில் ஒரு காலை வந்த வலிப்பு விடவே இல்லை. ஆட்டோவில் மதுரை ரோட்டைப் பிடித்தோம். குருசாமி மடியில் அவள் தலை, என் மடியில் கால். கள்ளிக்குடி தாண்டும்போது கால் ஆட்டம் நின்றது. வலிப்பு நின்றுவிட்டது என்று நான் சாமியைக் கும்பிட்டேன். குருசாமி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது குழவிக்கல்லுக்கு அடியில் அன்றைய கட்டிப்பால் இருந்தது. தண்ணீர் வடிந்து, கெட்டியாகி, சாப்பிடப் பதமாக இருந்தது.

மூன்று பதில்கள்

டாக்டரிடம் பிறகு ஒரு நாள் போய்க் கேட்டேன். அந்த மாவுதான் காரணமா?

"அதுனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. அதுனால இல்லேன்னும் சொல்ல முடியாது. நல்லா இருக்கிற பிள்ளைகளுக்கும் காரணமில்லாம திரும்ப வரும்" என்றார். பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஆள் எப்போலேர்ந்து கலந்தார்?"

அந்தக் கேள்விதான் இத்தனை வருடமாக என்னைத் தின்கிறது.

தை, மாசியில் அவள் நன்றாக இருந்தாள். அப்போதும் பாலில் மாவு இருந்திருந்தால், அவள் அதைத் தாங்கியிருக்கிறாள். அப்படியென்றால் மாவு அவளைக் கொல்லவில்லை. நோய் தானாகத் திரும்பி வந்திருக்கிறது. பங்குனி வெயிலில்தான் மாவு கலக்க ஆரம்பித்தார் என்றால், கலந்ததும் வலிப்பு வந்திருக்கிறது. அப்படியென்றால் வேறு அர்த்தம்.

தங்கப்பாண்டி, நீங்கள் இதற்கு இதுவரை மூன்று பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

தெருவில் வைத்து என்னிடம் சொன்னது: வெயில் காலத்தில் கலப்பது. அதாவது பங்குனியில்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து குருசாமி உங்களைத் தேடி வந்தபோது அவரிடம் சொன்னது: "மொதல் நாள்லேர்ந்தே அந்தத் தண்ணிதான் மாப்ள. அப்பல்லாம் பிள்ள நல்லாத்தான இருந்துச்சு? எம்மேல பழி போடாத." குருசாமி அதை நம்பினார். நம்பினால்தான் அவரால் தூங்க முடிந்தது. சாகும்வரை நம்பினார். "விடு பாக்கியம், அவன் பாலுனால இல்ல" என்பார். அவர் தூக்கத்தை நான் கெடுக்கவில்லை. அதனால்தான் அவர் இருந்தவரை இதை எழுதவில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கேட்டபோது சொன்னது: "எந்தக் காலத்துலயும் நா எதையும் கலந்ததே இல்ல."

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டுபோனேன். அந்தப் பாலின் மாதிரி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. கேட்டதில் தப்பில்லை. என்னிடம் இருந்தது அந்தத் துணி மட்டும்தான். பங்குனியிலிருந்து எடுக்காமல் விட்டிருந்த அது, பிள்ளை செத்த பிறகு வந்த மழையில் கொடியிலேயே நனைந்து, பசையெல்லாம் போய், சாதாரண வேட்டித் துண்டாகிவிட்டது.

இன்றைக்கு உங்கள் பால் பாக்கெட்டில் கன்னம் உப்பிய ஒரு குழந்தைப் படம் இருக்கிறது. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அதே படம் பெரிதாக நிற்கிறது. உங்கள் கம்பெனிப் பாலில் இப்போது எதுவும் கலப்பதில்லை என்கிறார்கள். இருக்கட்டும். அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. எனக்குப் பணம் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். என் வீட்டுக்கு வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தனியாகச் சொல்லாதீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன. இந்தப் பத்திரிகையில் எழுதுங்கள். இடம் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எழுத வராது என்றால் யாரையாவது விட்டு எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்கள். எங்கள் தெருக்காரர்களும், உங்கள் பாலைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்களும் படிக்கட்டும்.

அந்தச் சொம்பில் மாவைக் கரைக்க நீங்கள் ஆரம்பித்தது முதல் நாளிலா, பங்குனியிலா?

சொல்லுங்கள்.